பழைய பங்களா ஹோட்டலுக்குப் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, மாசியில் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகிறோம், இந்த முறை வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு தங்கப் போகிறோம் என்று நீ போனில் சொன்ன நேரம் தொடக்கம் எனக்கு அதே யோசனைதான். அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்தவ, கையை நிறுத்திப்போட்டுக் கேட்டா: "அங்கெல்லாம் நம்மள உள்ளுக்கு விடுவாங்களா புள்ள?"

விடுவார்கள். காசு கட்டினால் யாரையும் விடுவார்கள். ஆனால் உள்ளே போன பிறகு குளிரில் நடுங்காமல், பில்லைப் பார்த்துத் திகைக்காமல், வந்த இடத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குச் சில விசயங்களை வீட்டிலிருந்தே செய்துகொண்டு போக வேணும். மூன்று தரம் போய் வந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதல் தரம் நாங்கள் பட்ட பாட்டை உனக்குச் சொன்னதில்லை. ஒரு சித்திரை விடுமுறை. ஹோட்டலின் பெயர் வேண்டாம். வெள்ளைச் சுவர், கறுப்பு மரச்சட்டம், புகைபோக்கி என்று படத்தில் பார்த்த அதே வீடுதான் வாசலில் நின்றது. எங்களுக்குக் கிடைத்த அறையோ அதற்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மாடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். இரவு பத்து மணிக்குச் சுடுதண்ணி நின்றுவிட்டது. ஹீட்டர் கேட்டோம், இருந்ததெல்லாம் மற்ற அறைகளுக்குக் கொடுத்து முடிந்தது என்றார்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு என் மூத்தவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. பம்ப் வீட்டில். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த சாரம் மூன்றையும் பிள்ளையில் சுற்றி, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிக்கும்வரை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அதனால் போனில் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எங்களுக்குத் தருகிற அறை பழைய கட்டடத்திலா, புதிய கட்டடத்திலா?" நூறு வருசம் தாண்டிய ஹோட்டல்கள் பலவற்றில் பின்னாளில் கட்டிச் சேர்த்த பகுதி ஒன்று இருக்கும். விளம்பரத்தில் வருவது பழைய முகப்பு, மலிவாகக் கிடைப்பது அனேகமாகப் புதிய பகுதி. பழைய பகுதிதான் வேணும் என்று சொல்லி, அதை எழுத்தில் வாங்கு. வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போட்டாலும் போதும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பழைய கட்டடத்தில் லிப்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதே, நிலத்தளத்து அறை கேள். ஹீட்டர் அறைக்குள் இருக்கிறதா, கேட்டால்தான் தருவார்களா, அதற்கு வேறாகக் காசு எடுப்பார்களா என்று கேள். சுடுதண்ணி எந்த நேரம் வரும், அன்றைக்கு அங்கே கல்யாணம் ஏதும் நடக்கிறதா என்றும் கேள். கல்யாண ஹோல் இருக்கிற ஹோட்டலில் சனிக்கிழமை இரவு பாட்டுச் சத்தம் ஓய நடுச்சாமம் ஆகும். இவ்வளவு கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காதே. நல்ல ஹோட்டல்காரர் கேள்வி கேட்கிறவர்களைத்தான் விரும்புவார்கள், வந்த பிறகு சண்டை வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

எந்த ஹோட்டல் என்று நீ இன்னும் முடிவெடுக்கவில்லை. நுவரெலியாவில் கிராண்ட் ஹோட்டல் எல்லோருக்கும் தெரிந்த பெயர். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் தனக்குக் கட்டிய மாளிகைதான் அதன் கரு. கண்டி வீதியை வெட்டுவித்த அதே பார்ன்ஸ். 1891இல் அது ஹோட்டலாகியது. அதற்குப் பக்கத்தில் ஹில் கிளப், 1876இல் தோட்டத்துரைமார் தொடங்கியது. அங்கே தங்குவதானால் தற்காலிக அங்கத்தவர் பணம் சிறிது கட்ட வேணும். இரவு ஏழு மணிக்குப் பிறகு சாப்பாட்டு மண்டபத்துக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட்டுத்தான் போகலாம், இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் கொடுப்பார்கள். உன் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு டை கட்டினதே இல்லை, யோசித்துக்கொள். நீயும் அம்மாவும் நல்ல சேலை ஒன்று கட்டினால் போதும். கோல்ப் மைதானத்துக்கு மேற்புறம் சென் அன்ட்ரூஸ் இருக்கிறது, சத்தம் குறைந்த இடம். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலை பெக்டரியை 1996இல் ஹோட்டலாக்கினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள்தான் இப்போது படுக்கை அறைகள், பெரிய சில்லுகளையும் மெசினையும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஆனால் நகரத்துக்கு வெளியே, இன்னும் உயரத்தில், குளிரும் கூட.

என்னைக் கேட்டால், அம்மாவை நினைத்து, ஒரு இரவைப் பண்டாரவளை ஹோட்டலில் வைத்துக்கொள். 1893இல் திறந்தது. அடுத்த வருசம்தான் ரயில் பண்டாரவளைக்கு வந்தது. மரத்தளம், பித்தளைக் கட்டில், முன்னால் பூந்தோட்டம், எல்லாம் கைக்கடக்கமான அளவில். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு ஒரே நாளில் நுவரெலியா பெரிய பாய்ச்சல். நாங்கள் போகிற பாதையிலும் பண்டாரவளைதான் முதலில் வரும். அங்கே ஓர் இரவு நின்று உடம்பைக் குளிருக்குப் பழக்கிவிட்டு, மறுகா மேலே ஏறு.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன், அது சும்மா கேட்ட கேள்வியில்லை. இந்த வீடுகள் எழும்பிய காலத்தில் எங்களைப் போன்றவர்கள் முன்வாசலால் போனதில்லை. ஹில் கிளப் போன்ற இடங்கள் வெள்ளைக்கார ஆண்களுக்கு என்றே இருந்தவை. 1823இல் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுச் சனம் மன்னார்ப் பக்கம் இறங்கிக் காடு வழியே கால்நடையாக வந்தது, வழியில் மாண்டது, மிஞ்சியவர்கள் காட்டை வெட்டித் தோட்டமாக்கியது, ரயில் பாதைக்கு மண் சுமந்தது எல்லாம் உனக்குத் தெரியும். 2023இல் 'மலையகம் 200' என்று அந்த நினைவாகத்தான் நடந்தார்கள். அந்தத் துரைமாரின் வீட்டுக் கட்டில்தான் இன்றைக்கு நீ காசு கொடுத்துப் படுக்கப் போகிற கட்டில். அம்மாவைப் பின்னால் ஒதுங்கி நடக்க விடாதே. கையைப் பிடித்து, முன்வாசல் படியால், நடுவாலே கூட்டிக்கொண்டு போ.

உள்ளே பெட்டி தூக்கி வருகிற தம்பிமாரில், மேசைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் அந்தத் தோட்டத்து லயன்களில் பிறந்தவர்கள். தமிழில் கதை. தெரிந்த இங்கிலீசைக் கொண்டு தட்டுத்தடுமாறத் தேவையில்லை. 'போய்' என்று கூப்பிடாதே, தம்பி என்று கூப்பிடு, எந்தத் தோட்டம் என்று கேள். இரண்டாம் தரம் போன நேரம் அப்படிக் கதைத்த ஒரு தம்பிதான் காலையில் ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, "அக்கா, புல்லு வெள்ளையாக் கிடக்கு, வெயில் வர முதல் வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். உறைபனி. கால் வைத்த இடமெல்லாம் மெல்லியதாக நொறுங்கியது. இளையவள் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அரை மணித்தியாலத்தில் எல்லாம் தண்ணீராகிவிட்டது. தை, மாசியில் வானம் வெளித்திருக்கிற இரவுகளுக்குப் பிறகு இதைப் பார்க்கலாம். நீ மாசியைத் தெரிந்தெடுத்தது நல்ல முடிவு. சித்திரையில் குதிரையோட்டம், மலர்க்கண்காட்சி என்று சனம் நிரம்பி வழியும், அறை விலை ஏறிவிடும். வைகாசிக்குப் பிறகு மழையும் புகாரும். போயாவோடு சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதியையும் தவிர்த்து, செவ்வாய், புதன் போல ஒரு நாளில் போ.

இனிக் காசு. எங்கள் ஆட்கள் அடிபடுகிற இடம் இதுதான். போனில் சொல்கிற விலையைக் கேட்டதும் "வரி, சேவிஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்தா சொல்றீங்க?" என்று கேள். சேவிஸ் சார்ஜ் 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 18 வீதம். சும்மா ஒரு கணக்குக்கு வைத்துப் பார்: அறை 30,000 ரூபா என்றால் சேவிஸ் சார்ஜோடு 33,000, வற்றும் ஏறினால் 38,940. இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் வித்தியாசம் மட்டும் 35,000 ரூபாவைத் தாண்டும். அது வான் கூலிக்கு உதவும் காசு. அடுத்தது இலங்கையருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. எல்லோரும் அடையாள அட்டை கொண்டுபோங்கள். ஜெர்மனியிலிருந்து வருகிற சின்னம்மாவின் மகளும் உங்களோடு சேருவதாக இருந்தால் அவளுடைய பாஸ்போட்டைப் பற்றி முதலே சொல்லிவிடு, கவுண்டரில் நின்று தர்க்கப்பட வேண்டாம். உன் வீட்டுக்காரரின் வங்கி அட்டைக்குக் கழிவு இருக்கிறதா என்று வங்கியிலேயே கேட்டுப் பார். சீசன் இல்லாத மாதங்களில் பெரிய கழிவு கொடுப்பார்கள்.

சாப்பாட்டை எப்படி எடுப்பது? காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த 'பி.பி.' எடு. இரவுச் சாப்பாடும் சேர்ந்த 'ஹாப் போட்' எடுத்தால் பிள்ளைகள் இரண்டு கரண்டி சோறும் ஒரு புடிங்கும் தின்றுவிட்டு எழும்பும், நீ முழு பபேக்குக் காசு கட்டுவாய். ஒரு இரவு மட்டும் அந்தப் பெரிய மண்டபத்தில் இருந்து சாப்பிடுங்கள். மற்ற நேரம் நகரத்தில் நல்ல தோசை, சோறு கறி கிடைக்கும். கிராண்ட் ஹோட்டலின் முன்னாலேயே கிராண்ட் இந்தியன் என்று சாப்பாட்டுக் கடை இருக்கிறது, வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற அம்மாவுக்கும் வசதி. மண்டபத்தில் முள்ளுக்கரண்டியோடு மல்லுக்கட்டாதே. சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடு. விரல் கழுவச் சுடுதண்ணிக் கோப்பை கேட்டால் கொண்டுவந்து வைப்பார்கள். பின்னேரத் தேத்தண்ணியை மட்டும் தவற விடாதே. கேத்தல் வேறு, பால் வேறு, சீனி வேறு என்று தட்டில் வரும், அடுக்குத் தட்டில் கேக்கும் ஸ்கோனும் வரும். நாலு பேருக்கு இரண்டு பேரின் ஓடர் போதும்.

எங்கள் பள்ளிக்கூடத்து அக்கரைப்பற்று டீச்சர் குடும்பமும் உங்களோடு வருவதாகச் சொன்னாய். போன வருசம் அவவும் நானும் சேர்ந்து போனோம். அவவிடம் படித்தவை இவை. ஹலால் இறைச்சிதானா என்று பதிவு செய்கிற நேரமே கேட்க வேணும். காலைப் பபேயில் பன்றி இறைச்சி வைத்தால் வேறு மேசையில், வேறு கரண்டியோடு வைக்கிறார்களா என்றும் கேட்க வேணும். ட்ரைபிள், புடிங், பழக்கேக் வகைகளுக்குச் சில இடங்களில் பிரண்டி ஊற்றுவார்கள், கேட்காமல் எடுக்கக் கூடாது. சுபஹு தொழுகைக்கு ஒழுச் செய்கிற நேரம் தண்ணி கையை வெட்டுகிற மாதிரி இருக்கும். முதல் நாள் இரவே சொல்லி வைத்து, விடியப்புறம் கேத்தலில் சுடுதண்ணி வாங்கிக் கலந்துகொண்டா. புகாரில் சூரியனைப் பார்த்துத் திசை அறிய முடியாது, கிப்லாவைப் போன் திசைகாட்டியில் பார்த்து, தொழுகைப் பாயை இரவே விரித்து வைத்துவிட்டுத்தான் படுத்தா. நான் எழும்பிய நேரம் ஜன்னலுக்குப் பக்கத்தில் அவ தஸ்பீஹோடு இருந்தா, வெளியில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அந்த விடியற்காலையை மறக்க மாட்டேன்.

பாதை உனக்குப் பழக்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். ஆலையடிவேம்பிலிருந்து விடிய வெளிக்கிட்டு, இங்கே வினாயகபுரத்துக்கு வந்து அம்மாவை ஏற்றிக்கொள். கோமாரி, பொத்துவில், பிறகு லாகுகல. அந்தக் காட்டுத் துண்டை வெளிச்சத்தில்தான் கடக்க வேணும், யானை பாதையில் நிற்கும். சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தள, வெல்லவாய. அங்கிருந்து எல்லவுக்கு ஏறுகிற பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். 2025 செப்டம்பரில் அந்தப் பாதையில் இரவில் இறங்கி வந்த பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்துபோனார்கள். சுற்றுலா போய்த் திரும்பிய சனம். இரவில் அந்தப் பாதையில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயதென்றாலும், எத்தனை தரம் ஓடியவரென்றாலும், நீ சொல்லு.

டிரைவரைப் பற்றி இன்னொன்று. அறை பதிகிற நேரம் "டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா, சாப்பாடு இருக்கா, கம்பளி இருக்கா?" என்று கேள். பல ஹோட்டல்களில் டிரைவர்மாருக்கு என்று ஒரு அறை பின்னால் இருக்கும், சில இடங்களில் அது வெறும் பலகைக் கட்டில். நாங்கள் உள்ளே சுடுதண்ணிப் பையோடு படுத்திருக்க அவர் வானுக்குள் சுருண்டு கிடந்து கண் மூடாமல் விடிந்தால், அடுத்த நாள் வளைவுகளில் எங்கள் எல்லோருடைய உயிரும் அவருடைய நித்திரைக் கண்ணில்தான். வீட்டிலிருந்து அவருக்கும் ஒரு கம்பளி எடுத்துப் போ.

மழை பெய்திருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வெளிக்கிடு. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாடு பட்ட அழிவை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ரயில் பாதையும் நன்றாக அடிபட்டது. பண்டாரவளையிலிருந்து நானுஓயா வரை ரயில் ஓடுகிறதென்று விசாரித்து உறுதியானால், வானை நானுஓயாவுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் ரயிலில் போங்கள். ஹப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல என்று வரும். பட்டிப்பொலதான் எங்கள் நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம், 1,898 மீற்றர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா எட்டுக் கிலோமீற்றர்தான். ரயில் இல்லையென்றால் வெலிமடைப் பாதையால் வானிலேயே போகலாம். அந்தப் பாதையில் 1861இல் தொடங்கிய ஹக்கல பூந்தோட்டமும், அதைத் தாண்டிச் சீதா எலியவில் சீதை அம்மன் கோயிலும் வரும். அம்மாவுக்கு அதுதான் பெரிய சந்தோசமாக இருக்கும், பூசை நேரம் பார்த்துப் போங்கள்.

பெட்டிக்குள் என்ன வைப்பது? சுவெட்டர், காலுறை, காது மூடுகிற தொப்பி எல்லாம் நீயே வைப்பாய். பருத்தி பெனியன் ஒன்று உள்ளே, அதற்கு மேல் சுவெட்டர் என்று இரண்டு அடுக்காகப் போட்டால்தான் குளிர் பிடிக்காது. இழுப்புக்காரப் பிள்ளைக்குப் பம்ப் இரண்டு, ஒன்று உன் கைப்பையில், ஒன்று வானுக்குள். சித்தாலேப. வளைவுப் பாதைக்குத் தேசிக்காயும் பொலித்தீன் பையும். பழைய கட்டடத்தில் சுவரில் உருண்டைப் பின் துளை இருக்குமா சதுரப் பின் துளை இருக்குமா என்று முதலே தெரியாது, இரண்டுக்கும் பொருந்துகிற பிளக் ஒன்று கொண்டுபோ. தேங்காயெண்ணெயை வாய் ஒடுங்கிய போத்தலில் கொண்டுபோகாதே. அங்கே போனதும் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும், அம்மா தலைக்கு எண்ணெய் வைக்க முடியாமல் போத்தலைத் தட்டித் தட்டிக் களைப்பா. அகல வாய்ப் போத்தலில் கொண்டுபோனால் கரண்டியால் தோண்டி உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கலாம்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்க முதல் நாலு விசயம் பார். சுடுதண்ணியைத் திருகிப் பார். ஹீட்டரைப் போட்டுப் பார். ஜன்னல் கொளுக்கி பூட்டுப்படுகிறதா பார், அந்தக் காலத்து மரஜன்னலில் விரலளவு நீக்கல் இருந்தாலும் இரவு முழுக்கக் காற்று ஊசி மாதிரி வரும். மெத்தைக்குக் கீழே கை வைத்து ஈரம் இருக்கிறதா பார். சரியில்லையென்றால் உடனே போய்ச் சொல்லி மாற்றிக் கேள். பெட்டியை விரித்த பிறகு மாற்றுவது கஷ்டம். குளியலறையில் காலுள்ள இரும்புத் தொட்டி இருந்தால் அம்மாவை அதற்குள் இறக்காதே, வழுக்கும். வாளியும் கோப்பையும் பிளாஸ்டிக் முக்காலியும் கேட்டு வாங்கிவிடு.

நெருப்பு மூட்டுகிற அடுப்புள்ள அறை கிடைத்தால் பின்னேரம் ஐந்து மணிக்கே விறகு கேட்டுவிடு. சுவர் சூடாவதற்கே இரண்டு மணித்தியாலம் எடுக்கும். நனைந்த காலுறையை அதற்குப் பக்கத்தில் காயப் போடாதே. புகைபோக்கி இல்லாத அறைக்குள் கரிச்சட்டி வைத்துக் குளிர் காய்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது. கதவு பூட்டிய அறையில் அந்தப் புகை ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும்.

நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிற நேரம் சில ஹோட்டல்களில் போர்வைக்குள் சுடுதண்ணிப் பை வைத்துவிட்டுப் போவார்கள். ரப்பர் பை, மேலே பிளனல் துணி உறை. மாமி முதல் தரம் காலை உள்ளே விட்டதும் ஏதோ குட்டி படுத்திருக்கிறதென்று காலை இழுத்துக்கொண்டா. பிறகு அதை வயிற்றோடு அணைத்துப் படுத்தவ காலை வரை விடவில்லை. மூடி இறுக்கமா என்று நீ ஒருக்கால் பார்த்துவிடு. சின்னவளுக்கு உறை இல்லாமல் கொடுக்காதே, தோல் சிவந்துவிடும்.

சின்னம்மாவின் மகள் ஜெர்மனியில் ஹைடல்பேர்க் நகரத்துக்குப் போன நேரம் 'சூம் ரிட்டர்' என்ற ஹோட்டலில் தங்கினாளாம். 1592இல் ஒரு துணி வியாபாரி தனக்குக் கட்டிய கல் வீடு அது. 1693இல் பிரெஞ்சுப் படை ஊரை எரித்த நேரமும் அந்த வீடு தப்பி நின்றது. போக முதலே இதையெல்லாம் வாசித்துக்கொண்டு போனதால் முன் சுவரைப் பார்த்தபடி தெருவில் அரை மணித்தியாலம் நின்றேன் என்றாள். அதைத்தான் உனக்கும் சொல்ல வந்தேன். பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று விசயம் முதலே சொல்லிக் கூட்டிக்கொண்டு போ. ஜெர்மனிக்காரர் ஹெர்மன் ஹெஸ்ஸே, பின்னாளில் 1946இல் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர், 1911இல் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் பிதுருதலாகல மலையில் ஏறினார், அந்த ஏற்றத்தை 1913இல் வந்த பயணப் புத்தகத்தில் எழுதினார் என்று உன் மூத்தவனுக்குச் சொல்லு. 2,524 மீற்றர், எங்கள் நாட்டின் உச்சி. ஹோட்டல் புல்வெளியில் நின்று அந்த மலையைக் காட்டு.

ஒரு காலை நேரத்தை முழுசாக வீட்டுக்குள்ளேயே செலவழி. இதைத்தான் எங்கள் ஆட்கள் செய்வதில்லை. இருந்த காசையெல்லாம் அறைக்குக் கட்டிவிட்டு, விடியக் காலமையே வானில் ஏறி நீர்வீழ்ச்சி, பார்ம், வாவி என்று ஓடி, இருட்டித் திரும்பிவந்து படுக்கிறதென்றால் அதற்கு நூற்றைம்பது வருசத்து வீடு தேவையில்லை. சுவரில் தொங்குகிற படங்களைப் பாருங்கள், படியின் கைப்பிடியைத் தடவிப் பாருங்கள், பில்லியட் மேசை இருந்தால் பிள்ளைகளைத் தூரத்தில் நின்று பார்க்க விடு. அங்கே கனகாலம் வேலை செய்கிறவர் யார் என்று கேட்டு அவரோடு கதை. பிறகு நடந்தே போஸ்ட் ஒபிசுக்குப் போங்கள். 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் கட்டடம், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு. வினாயகபுரத்துக்கு ஒரு தபாலட்டை போடு, அம்மாவின் கையெழுத்தில். பக்கத்திலேயே விக்டோரியா பூங்கா. கிரகரி வாவியில் படகு விடுகிற இடத்தில் சனம் கூட, பிள்ளைகள் கேட்டால் மட்டும் போ.

வெளிக்கிடுகிற காலை, அறையைத் துப்புரவு செய்தவருக்கும் பெட்டி தூக்கியவருக்கும் சந்தோசமாகக் கொடுக்கிற காசை அவர்கள் கையிலேயே கொடு, மேசையில் வைத்துவிட்டு வராதே. பில்லில் சேவிஸ் சார்ஜ் எடுத்தாலும் கொடு. பில்லைக் காசு கட்ட முதல் ஒரு தரம் வரி வரியாகப் பார். குடிக்காத தண்ணிப் போத்தலும் எடுக்காத பிஸ்கட்டும் சில நேரம் அதில் ஏறியிருக்கும்.

லீக்ஸ், கரட், போஞ்சி வாங்குவதென்றால் வெலிமடைப் பக்கம் பாதையோரக் கடைகளில் வாங்கு, மண்ணைத் தட்டிவிட்டுப் பேப்பரில் சுற்று, பொலித்தீனில் கட்டினால் மொனராகலை வெயிலுக்கே அவிந்துவிடும். எட்டு மணிக்கு முதல் வெளிக்கிட்டால் லாகுகலயை வெளிச்சத்தில் தாண்டலாம். பொத்துவில் வந்ததும் போன் எடு. நான் இங்கே உலை வைத்துவிடுகிறேன், எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ஆலையடிவேம்புக்குப் போகலாம்.